நான் இறுக்கிய நட்டு

1. பெட்டி வந்த கதை

கோப்பாயில் முப்பது வருசமாகச் சைக்கிள் திருத்துகிறேன். ஆட்டம் கண்ட சக்கரம் எதையும் சும்மா விட்டதில்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சி, "ஊர்ப் பிள்ளையளுக்குப் பழக்குங்கோ அண்ணை" என்று நான்கு ஸ்கேட்போர்டும் ஹெல்மெட், முழங்கால் உறைகளும் அனுப்பியபோது, நான் முதலில் எடுத்தது ஸ்பனரைத்தான்.

பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக்கு ட்ரக் என்று பெயர். அது இரண்டு பக்கமும் சரிந்தது. "வெளிநாட்டுக்காரர் பூட்டின லட்சணம்!" என்று புறுபுறுத்துக்கொண்டு, மூன்று பலகைகளின் நடு நட்டுகளையும் மூச்சுப் பிடித்து இறுக்கினேன். நாலாவது பலகை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வரச் சம்மதித்த பிள்ளைகள் மூன்று பேர்தானே.

வெங்காயம் காயவிடும் சீமெந்துத் தளத்தில் சனிக்கிழமை காலையில் வகுப்பு. நானோ போனில் வீடியோ பார்த்துப் படித்த மாஸ்டர். பலகையில் ஒருநாளும் ஏறியதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2. ஆரணியின் நாடி

நேராகப் போக மூவரும் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். திரும்பத்தான் ஒருவருக்கும் வரவில்லை. ஏழு வயது ஆரணி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "மாமா, நான் சரியிறன். பலகை சரியுதில்லை."

எனக்குப் பழமொழி என்றால் உயிர். இடம் பொருள் பார்க்க மாட்டேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சிரித்தேன். பிள்ளையின் முகம் சுருங்கியது. அடுத்த தரம் வேகமாக உதைத்தாள். பலகை திரும்பாமல் நேரே போய் மதிலில் முட்டியது. உதட்டுக்குக் கீழே நாடியில் சிராய்ப்பு.

கூட்டிப்போக வந்த தாய் என்னைப் பார்த்தார். "அண்ணை, போன கிழமை முழங்கை, இந்தக் கிழமை நாடி. வாற கிழமைக்கு என்ன மிச்சம் கிடக்கு?"

"பழகப் பழகச் சரிவரும் தங்கச்சி…"

"வேண்டாம். இனி அனுப்பமாட்டன்."

நோவுக்கு அழாத ஆரணி அப்போதுதான் அழுதாள். "எனக்குத்தானாம் அம்மா ஏலாது. மாமா சொன்னவர்."



3. நாலாவது பலகை

பலகை சரியவில்லை என்று அவள் சொன்னதைச் சோதிக்க, அன்று பின்னேரம் பெட்டியைத் திறந்து நாலாவது பலகையை நிலத்தில் வைத்து, ஒரு ஓரத்தைக் கையால் அமத்தினேன். பலகை சரிந்தது, சக்கரங்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. நான் இறுக்கிய பலகையை அமத்தினேன். அம்மிக்கல் மாதிரிக் கிடந்தது. சைக்கிளுக்கு ஹாண்டில் இருக்கிறது. இதற்கு அந்தச் சரிவுதான் ஹாண்டில். அதைத்தான் முப்பது வருச அனுபவத்தைத் திரட்டி அடைத்து வைத்திருந்தேன்.

மூன்றையும் இளக்கிக்கொண்டு ஆரணி வீட்டுப் படலை வாசலில் போய் நின்றேன். தாய் வெளியே வந்தார்.

"தங்கச்சி, பிழை பிள்ளையிலை இல்லை. நட்டை நான் இறுக்கிப்போட்டன்."

"நீங்கள் ஏறிப் பாக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏறாமலோ பழக்கினனீங்கள்? முதல் நீங்கள் ஏறுங்கோ. பிறகு யோசிப்பம்."

தளத்துக்குப் போனோம். பிள்ளைகளின் ஹெல்மெட் என் தலைக்குப் பத்தவில்லை. மோட்டச்சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டேன். முழங்கால் உறை கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. ஆரணி கை தந்தாள்.

"முழங்காலை மடக்குங்கோ மாமா. கீழை பாக்காதேங்கோ."

எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை.

"விட்டிடாதை பிள்ளை!"

"பிடிச்சிருக்கிறன்."

நாலு முழம் போயிருப்பேன். பலகை முன்னுக்குப் போக, நான் பின்னுக்குப் பொத்தென்று நிலத்தில் விழுந்து இருந்தேன். தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆரணி சிரிக்கவில்லை.

"இப்ப கூடம் கோணலோ மாமா?"

"இல்லையடி பிள்ளை. கூடம் நேர்தான்."

அவள் இளக்கிய பலகையில் ஏறி ஒரு உதை உதைத்தாள். மதிலுக்கு ஆறடி தூரம் இருக்கும்போது உடம்பைச் சரித்தாள். பலகையும் சரிந்தது. வளைந்து திரும்பி, எழும்ப முடியாமல் இருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

தாய் கேட்டார்: "சனிக்கிழமை எத்தினை மணிக்கு அண்ணை?"

இப்போது புதுப் பிள்ளை யார் வந்தாலும் முதலில் நான் ஏறுகிறேன். பெரும்பாலும் விழுகிறேன். அதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. யாராவது "ஏலாது மாமா" என்றால் பழமொழி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொண்டு பலகையைக் கவிழ்த்துப் பார்ப்பேன்.