தெம்பனிஸ் ரயிலில் தெர்மோடைனமிக்ஸ்

ஒரு வகுப்பே தலையாட்டும்போது, யாருக்குப் புரியவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிங்கப்பூரில், ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்குத் தெர்மோடைனமிக்ஸ் டுட்டோரியல் எடுக்கிறேன். "கேள்வி இருக்கா?" என்பேன். அமைதி. வகுப்பு முடிந்ததும் வாசலில் வரிசை நிற்கும். மற்றவர் முன்னால் கேட்டால் மானம் போய்விடுமாம். எனக்கோ மகள் நிலாவைத் தெம்பனிஸ் குழந்தைப் பராமரிப்பு நிலையம் மூடுவதற்குள் அழைத்துவர வேண்டும். வரிசையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுவேன்.

கவின் மட்டும் கூடவே ஓடிவந்தான். இந்தப் பாடத்தை இரண்டாவது முறை எழுதுகிறான். இம்முறையும் தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான்.

"உன் வீடு எங்க?"

"ஜாலான் புசார் மேம்."

"இந்த ரயில் அங்க போகாதே."

"பரவால்ல லா மேம். திரும்பி வரும்ல."

நின்றபடியே அவன் விடைகளைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஜூனியர் காலேஜில், வாயுவின் மேல் நாம் செய்யும் வேலைக்குப் பிளஸ். எங்கள் பாடத்தில், வாயு செய்யும் வேலைக்குப் பிளஸ். சூத்திரமும் அதற்கேற்ப மாறும். கவின் குறியை மட்டும் மாற்றிவிட்டுச் சூத்திரத்தைப் பழையபடியே வைத்திருந்தான்.

"அப்போ கேஸைக் கம்ப்ரெஸ் பண்ணா கூலாகுமா?"

"ஆமா மேம்."

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருக்கியா? பம்ப் எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும்." யோசித்தான். "அது ரியல் லைஃப் மேம்."

வகுப்புள்ள நாளெல்லாம் வந்தான். குறிகள் சரியாகத் தொடங்கின. பாட ஒருங்கிணைப்பாளர் டாக்டர் ஆனந்தி கூப்பிட்டார்.

"ஒருத்தனுக்கு மட்டும் ஸ்பெஷல் டியூஷனா? மத்தவங்க கம்ப்ளெயின் பண்ணா நான் என்னம்மா சொல்றது? எல்லாருக்கும் குடு, இல்ல நிறுத்து."

நியாயம்தான். நிறுத்தினால் கவின் தோற்றுவிடுவானோ என்று பயம். அதனால், யார் வேண்டுமானாலும் ரயிலில் கேட்கலாம் என்று வகுப்பில் அறிவித்தேன். அமைதி. யாரும் வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

பிளாட்ஃபார்மில் பாதி வகுப்பு நின்றது. அவர்களில் பலர் கவின் செய்த அதே தப்பைச் செய்து, அவனைப் போலவே வாயுவைக் குளிர்வித்திருந்தார்கள். பெட்டிக்குள் கேள்விமேல் கேள்வி. பக்கத்திலிருந்த ஓர் ஆன்ட்டி இறங்கும்போது, "எக்ஸாம் எப்போ?" என்று அக்கறையாக விசாரித்தார்.

டாக்டர் ஆனந்திக்கு இதுவும் பிடிக்கவில்லை. "கேள்வியை கிளாஸ்ல கேக்க வைம்மா. பப்ளிக் டிரெயின்லயா பாடம் நடத்துவாங்க?"

முயன்றேன். ஒருநாள் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரயிலில் போல எல்லாரையும் நிற்கவைத்தும் பார்த்தேன். நின்றார்கள். கேட்கவில்லை.

தேர்வு நெருங்கிவிட்டது. கவினுக்கு என்ட்ரோபி என்ற பகுதி முழுதும் பாக்கி. பாடம் நடத்திப் பழகிய வாசகர்கள் யாராவது சொல்லுங்கள்: மேலதிகாரி சொன்னபடி ரயில் வகுப்பை இப்போதே நிறுத்தட்டுமா, தேர்வு வரை ஓட்டட்டுமா?