பம்பரில் குங்குமம்

போன வாரம் விருதுநகர் புறவழிச்சாலையில், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு மினி லாரி என் காரின் இடது முன் சக்கரத்தில் இடித்தது. பெரிய சேதமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தாலே வண்டி இடது பக்கம் இழுத்தது. சக்கரங்களை நேராக்கித் தரும் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., தொட்டியில் நாலு மீன். மீனுக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் வந்து, "வண்டி எங்கயாவது இடிச்சுச்சா சார்?" என்று கேட்டான். "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்றேன்.

கேட்ட மாத்திரத்தில் வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. அடிபடாத வண்டிக்கு என்ன செய்வார்களோ அதை அவன் செய்து அனுப்பினான். வண்டி பழையபடியே இழுத்தது. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னதும், அடியில் படுத்துப் பார்த்து, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் வளைந்திருப்பதை ஐந்தே நிமிஷத்தில் காட்டினான். பக்கத்தில் குனிந்தபோது சூடான ரப்பரும் கிரீஸும் கலந்த வாடை அடித்தது. எத்தனை ஏ.சி. போட்டாலும் அந்த வாடை போகாது போலிருக்கிறது.

இருபத்திரண்டு வயதில் சிவகாசியில் ஓர் அலைன்மென்ட் பட்டறையில் இதே வாடையில்தான் வேலை பார்த்தேன். அங்கே மெஷினை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, நான் ஆடியது கொஞ்சநஞ்சமல்ல. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன். எழுத வேண்டிய வேலை எதுவும் கிடையாது.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தீபாவளி சீசன் தொடங்கிவிட்டால் பட்டாசு கம்பெனிக்காரர்கள் யாரும் 'விபத்து' என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். வெடிமருந்தோடு பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். உள்ளே உட்கார்ந்து திரி வைக்கிறவர்களின் பயத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகள் அந்தப் பயத்தைக் கடன் வாங்கித் தங்கள் காருக்கும் மாட்டிக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாதி பம்பர் தொங்கும். "லேசா இழுக்குது, காத்துக் கம்மி போல" என்பார் ஒருத்தர். ரிம்மில் யாரோ வீட்டுக் காம்பவுண்டுச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். "நம்ம ரோடு சரியில்ல" என்பார் இன்னொருத்தர். டாக்டரிடம் போய்க் காலை மறைத்துக்கொண்டு கால்வலிக்கு மருந்து கேட்கிற ஜென்மங்கள்.

ஆனால் இடித்த அன்றே பூசணிக்காய் உடைத்து, பம்பரில் குங்குமம் தடவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வருவார்கள். அதனால் நான் வண்டிக்காரர் வாயைப் பார்ப்பதே இல்லை. பம்பரைப் பார்ப்பேன். குங்குமம் ஈரமாக இருந்தால் நேற்று இடித்தது என்று அர்த்தம். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஒரு நாள் காலையில், வெம்பக்கோட்டைப் பக்கத்து கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் வந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் பதினொரு பேர் இறங்கி நிழலில் நின்றார்கள். கூடவே பைக்கில் மேனேஜர். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பொய்.

"லேசா பள்ளத்துல எறங்கிருச்சு, அம்புட்டுத்தான். லோடு ஏத்தணும், சட்டுன்னு முடிச்சுக் குடுங்க இன்ஜினியர் சார்."

பம்பரில் குங்குமம் இன்னும் காயவில்லை. டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் என்னை யாரும் அதுவரை இன்ஜினியர் என்று கூப்பிட்டதில்லை.

அப்போது பேச்சியக்கா என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒரு பெண் என்னிடம் வந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"தம்பி, நேத்துச் சாயங்காலம் டிரைவரு பாலத்துக் கட்டையில இடிச்சுப்புட்டாரு. நான் முன் சீட்டுல இருந்தேன். இன்னைக்குப் படியில ஏறும்போது சக்கரம் சேலையில உரசுது. முந்தியெல்லாம் உரசாது. முன் சக்கரம் பின்னால தள்ளி வந்திருக்கு, பாருங்க."

சேலைக் கரையைத் தூக்கி டயர்க் கறுப்பைக் காட்டினார்.

"ஏ தாயி, சீசன் நேரத்துல வாயக் கழுவு" என்றார் மேனேஜர்.

நான் அவரைவிட மட்டமாகப் பேசினேன். "அக்கா, நீங்க போய்த் திரியச் சுருட்டுங்க. சக்கரத்த நாங்க பாத்துக்கிடுதோம்." மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்திருந்தால் போதும், இடது பக்கம் குறைந்திருப்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. மெஷினை மாட்டி, முன் சக்கரங்களை ஒன்றுக்கொன்று நேராக்கி, ஸ்டீயரிங்கையும் நடுவில் நிறுத்திக் கொடுத்தேன். "ஏறுங்க, ஏறுங்க" என்று மேனேஜர் விரட்டினார். பேச்சியக்கா சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

மூன்றாம் நாள், குறுக்கே வந்த ஆட்டுக்காக டிரைவர் பிரேக்கை மிதித்ததும் வேன் சடாரென்று இடது பக்கம் திரும்பி, வேலிக்கருவைக்குள் போய்ச் சாய்ந்தது. முன் அச்சை ஸ்பிரிங் பட்டைகளோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட், பாலத்தில் இடித்த அன்றே முறிந்திருக்கிறது. அச்சு அப்போதிலிருந்தே இடம் நகர்ந்துகொண்டிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. கையை ஊன்றி விழுந்ததில் பேச்சியக்காவின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. டிரைவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானாகவும் போய்ச் சொல்லவில்லை. அந்த மேனேஜரைக் காறித் துப்பலாம். ஆனால் அந்த எச்சிலில் பாதி என் முகத்திலும் விழ வேண்டும்.

அந்தப் பட்டறை இப்போது செல்போன் கடை. வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழியை மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மேனேஜர் சொந்தமாகக் கம்பெனி வைத்து, பெருத்து, போய்ச் சேர்ந்தும்விட்டார். இவை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போனவற்றில் ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. சில வருஷம் கழித்து, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் பேச்சியக்காவைப் பார்த்தேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "நல்லா இருக்கீகளா தம்பி?" என்றார். கோணலாக ஒட்டிப்போன மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் அவருடைய கம்பெனிப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"கை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுவா? வீட்டுக்குள்ள வழுக்கி விழுந்துட்டேன், தம்பி" என்றார், அன்று நடந்ததை நடந்தபடி சொன்ன அதே வாயால், என்னிடமே.