பரிமாற ஒன்றுமில்லாத சாப்பாடு

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிப் பல்லடத்துக்கு வந்த புதிதில், நான் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. வேலை அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையே கிடையாது, அதுதான் தொல்லை. கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.காம். படித்தவள். இங்கே இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டால் பத்து மணிக்கே நாள் முடிந்துவிடும். பின் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். நானும் வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டே இருப்பேன். காரணமே இல்லாமல் பிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடுவேன்.

என் கணவர் திருப்பூர் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். கொஞ்சம் சொந்தச் சரக்கும் போடுவார். நானும் வருகிறேன் என்று பலமுறை கேட்டாயிற்று. "அங்க உனக்கு என்ன வேலை அம்மணி? ஒரே தூசி" என்பார். அதட்டிச் சொன்னால் சண்டை போடலாம். அன்பாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனிக்கு அப்போது போன் கிடைத்திருக்கவில்லை. நூல் கடைக்காரர், சாயப்பட்டறைக்காரர் எல்லோரும் வீட்டு போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். யார் எந்தப் பொய்யை எந்தக் குரலில் சொல்வார்கள் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐப்பசி மாதம் அவர் ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஜெர்மனியிலிருந்து ஒருவர் துணி வாங்க வருகிறாராம். எங்கள் சாம்பிள் பிடித்திருக்கிறதாம். கிடைத்தால் அது எங்களுடைய முதல் நேரடி ஆர்டர். அதற்கப்புறம் இன்னொருவர் துணிக்குக் காத்திருக்க வேண்டாம். கம்பெனியைப் பார்த்துவிட்டு மதியம் வீட்டில் உட்கார்ந்து பேசுவதாக ஆர்டர் பிடித்துத் தருகிற ஏஜென்ட் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் அந்த வெள்ளைக்காரர் மதியத்தில் சாண்ட்விச் தவிர வேறெதுவும் தொடமாட்டாராம்.

"உனக்குச் செய்யத் தெரியுமா அம்மணி?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க" என்றேன். கல்லூரி நாட்களில் கிராஸ் கட் ரோட்டுப் பேக்கரி ஒன்றில் நாலைந்து முறை தின்றிருக்கிறேன். என் அறிவு அவ்வளவுதான். ஆனால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்த சந்தோஷத்தில் எதையும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாளே பிரெட் வாங்கப் போனேன். பேக்கரிக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, "ஊட்ல ஆருக்குங்க காச்ச?" என்று விசாரித்தார். எங்கள் பக்கத்தில் அப்போது காய்ச்சல் வந்தால்தான் பிரெட். இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாள் போனபோது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று புத்தி சொன்னார்.

முதல் சாண்ட்விச் கையில் எடுத்ததும் தொப்பென்று தட்டில் விழுந்தது. தேங்காய்ச் சட்னியைத் தடவியிருந்தேன். ரொட்டி அதைக் குடித்துவிட்டுக் கூழாகிவிட்டது. வெள்ளரிக்காய் தன் பங்குக்குத் தண்ணீர் விட்டது. அதோடு அந்த ரொட்டியில் சர்க்கரை வேறு. என் கணவர் மாலையில் வந்து அந்தக் கூழை வழித்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அடுத்த நாள் உருளைக்கிழங்கு மசாலாவை வைத்தேன். அது போண்டாவுக்குச் சட்டை போட்டது மாதிரி இருந்தது. அதுவும் நல்லாத்தான் இருந்ததாம். இவரை நம்பி ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மனுஷனுக்கு எதையுமே நன்றாக இல்லை என்று சொல்லத் தெரியாது.

நானே யோசித்து, நானே தின்று, நானே திட்டிக்கொண்டு செய்தேன். இனிப்பில்லாத ரொட்டியைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தேன். முந்தின நாள் ரொட்டிதான் நறுக்க வசதி என்று புரிந்தது. முதலில் ஓரம் வரைக்கும் வெண்ணெயைப் பூசிவிட்டால் ரொட்டி ஈரத்தை உள்ளே விடாது. வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டு வைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். மல்லித்தழையைப் பொட்டுக்கடலையோடு எலுமிச்சைச் சாறு மட்டும் விட்டு அரைத்தால் சட்னி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. செய்து அடுக்கியதை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடிவைத்தால் ஓரம் காய்ந்து சுருளாது. கடைசியில் ஒரு நாள் கையில் எடுத்தேன், வளையவில்லை. கடித்தேன், எதுவும் ஒழுகவில்லை. சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

அவர்கள் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு வைத்தேன். வெள்ளைக்காரருக்கு, ஏஜென்ட்டுக்கு, என் கணவருக்கு. நடுவில் சாண்ட்விச்சை அடுக்கி வைத்துவிட்டு, பழக்கம் போலச் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

"சாப்பிடுங்க" என்றார் என் கணவர். வெள்ளைக்காரர் சிரித்தார், கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. விருந்தாளி தொடாமல் என் கணவர் தொடமாட்டார். இரண்டு பேரும் தொடாமல் ஏஜென்ட் எப்படித் தொடுவார்? மூன்று பேரும் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரம் ஏதாவது சுருண்டுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

பசி தாங்காமல் ஏஜென்ட்தான் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, நீங்க உக்காந்தாத்தான் அவரு கை வெப்பாருங்க. அவிய ஊர்ல அப்படித்தானாம்."

பரிமாற வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். எதைப் பரிமாறுவது? குழம்பு இல்லை, ரசம் இல்லை, தயிர் இல்லை. கரண்டி பிடிக்கிற வேலையே இல்லாத சாப்பாட்டை ஒரு வாரமாகப் பாடுபட்டு நானே செய்து வைத்திருந்தேன். இன்னொரு தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து விருந்தாளிகளோடு சமமாக உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசைக்கடியில் கால் தானாக ஆடியது.

வெள்ளைக்காரர் ஒன்றுக்கு மூன்றாகத் தின்றார். அப்புறம் பேச்சு ஆரம்பித்தது, ஆங்கிலத்தில். எல்லாச் சரக்கும் டிசம்பர் கடைசிக்குள், அதாவது மார்கழி பாதிக்குள் கப்பலேற வேண்டும் என்றார். "எஸ், எஸ்" என்றார் என் கணவர். நிச்சயமாக முடியுமா என்று வெள்ளைக்காரர் கேட்டார். "எஸ், செஞ்சுபோடலாங்க" என்று அவசரத்தில் தமிழும் கலந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள்தான் சாயப்பட்டறைக்காரர் போனில் இழுத்து இழுத்துப் பேசியிருந்தார். "பாக்கலாங்கம்மா, பண்ணிக்கலாங்கம்மா" என்று அவர் இரண்டு முறை சொன்னால் தை பிறக்காமல் துணி வராது. அதை இவரிடமும் சொல்லியிருந்தேன். இவருக்கும் தெரியும். தெரிந்தும், வீடு தேடி வந்தவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடியவில்லை.

நின்றுகொண்டிருந்தால் சமையலறைக்குள் போயிருப்பேன். உட்கார்ந்திருந்தேன். "முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சாயப்பட்டறை விவரத்தைச் சொல்லி, தை பாதிக்குத்தான் தர முடியும் என்றேன். ஏஜென்ட் மென்றதை விழுங்காமல் என்னைப் பார்த்தார். என் கணவரின் காது சிவந்துவிட்டது. வெள்ளைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, கைகுலுக்கிவிட்டுப் போனார்.

இவர் என்னைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். நான் நடந்தேன், வாசலுக்கும் கொல்லைக்கும். அவருடைய கனவில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அழுகையாக வந்தது. பொய் சொல்லியா வாங்க வேண்டும் என்று கோபமும் வந்தது. அன்று முழுக்க இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

மறுநாள் ஏஜென்ட் போன் செய்தார். ஆர்டரில் பாதி எங்களுக்கு, நான் சொன்ன தேதிக்கு. மீதிப் பாதி, மார்கழியிலேயே தருவதாகச் சொன்ன வேறொரு கம்பெனிக்கு. மாலையில் என் கணவர் வந்ததும் சொன்னேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

"பாதி போச்சு" என்றார்.

திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன். அவர் எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரில் மார்கழியைப் புரட்டிப் பார்த்தார்.

"முழுசும் வாங்கியிருந்தா மாட்டியிருப்பேன். தெரிஞ்சுதான் எஸ் எஸ்ன்னேன். முடியாதுங்கற வார்த்தை எனக்கு வாயில வராது அம்மணி. கம்பெனில அதைச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எங்கூடக் கெளம்பு."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் வீட்டுக்குள் நடந்திருக்கிறேன். ஆனாலும் சமையலை முடித்து, தண்ணீர் பிடித்துவைத்து, சேலை மாற்ற வேண்டாமா?

"எட்டு மணிக்கு முடியாதுங்க" என்றேன். "ஒம்போதுக்கு வாரேன்."