குனியாமல் கழற்றிய சப்பாத்து

எழுபதுகளில், நான் சிட்னிக்கு வந்த புதிதில், தொழிற்சாலையில் பெட்டி தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. நட்டஈடு கேட்டேன். தொழிற்சாலையின் காப்புறுதி நிறுவனம் என்னைப் பரமட்டாவில் இருந்த தன் மருத்துவரிடம் அனுப்பியது. வீட்டுப் பழக்கத்தில், அவருடைய அறை வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

“தானே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், முதுகில் குறையில்லை” என்று அறிக்கை வந்தது. நட்டஈடு கைநழுவும் நிலை. நான் குனியவே இல்லையே, இந்த மனிதர் எதைக் கண்டார்? எனக்குக் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகம்.

என் சட்டத்தரணி, “எப்படிக் கழற்றினீர்கள்? செய்து காட்டுங்கள்” என்றார். ஒரு காலால் மற்றச் சப்பாத்தின் குதியை மிதித்துக் காலை உருவினேன்.

கூட வந்த மனைவி, “இவர் குனிஞ்சு நாலு மாசம். லேஸ் கட்டிவிடுறது நான்தானே!” என்றாள். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டத்தரணி சப்பாத்தை எடுத்து, நசுங்கிப்போன குதிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது இங்கேயே இருக்கட்டும்.”

அன்று வெறும் காலுறையோடு ரயில் ஏறினேன். சட்டத்தரணி காட்டிய சப்பாத்தைக் கண்டபின் நிறுவனம் வேறொரு மருத்துவரிடம் அனுப்பியது, நட்டஈடும் கிடைத்தது.

இப்போதும் மருத்துவரின் வாசலில் சப்பாத்தைக் கழற்றத்தான் செய்கிறேன். ஆனால் முதலில் அவரைக் கூப்பிட்டு, பார்க்கச் சொல்லிவிட்டுத்தான்.