பாசிக்குடாவுக்கு மூன்று பிள்ளைகளுடன்

2010, சித்திரை விடுமுறை. காலை ஆறே முக்காலுக்குக் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் மட்டக்களப்பு பஸ்ஸுக்காக நின்றோம். நானும், என் மகள் சாந்தியின் பிள்ளைகள் மூவரும். மூத்தவன் சதீஷுக்குப் பதினொரு வயது, தர்சினிக்கு ஒன்பது, வேணிக்கு ஏழு. மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார். சாந்தி ஆசிரியை, விடுமுறையிலும் அவளுக்குப் பாடசாலையில் வேலை இருந்தது. எழுபத்திரண்டு வயதில், முழங்கால் நோவோடு, எனக்கு இந்தப் பயணம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் போர் முடிந்த பிறகு பாசிக்குடாவில் அரசாங்கம் ஒரு கடற்கரைப் பூங்கா திறந்திருக்கிறது, ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்திருக்கிறார்கள் என்று சதீஷ் எங்கோ கேட்டுவந்து மாதக்கணக்கில் என்னை அரித்துக்கொண்டிருந்தான்.

வழியனுப்ப வந்த சாந்தி சோற்றுப் பொதியைத் தந்தாள். பொரித்த மீன் இருந்ததால் மேலே ஒரு கரித்துண்டு வைத்துக் கட்டியிருந்தாள்.

"கரி என்னத்துக்கம்மா?" என்றாள் தர்சினி.

"பொரியல் மணத்துக்குப் பேய் புறத்தால வராம இருக்க."

"நம்மட அம்மப்பாவக் கண்டா பேயே திரும்பி ஓடும்," என்றான் சதீஷ்.

சாந்தி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அவன் அவன்ட பாட்டுல வருவான். இவளுகள் ரெண்டு பேரையும் கையில புடிச்சுக்கோங்க. சின்னவள உட்டுடாதீங்க."

"எனக்குத் தெரியாதா புள்ள," என்றேன்.

மட்டக்களப்புக்கு ஏறத்தாழ இருபத்தேழு கிலோமீற்றர். எனக்கு முப்பத்தெட்டு ரூபா, பிள்ளைகளுக்கு அரை டிக்கட். களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், கிரான்குளம் என்று ஊர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வருகின்றன. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வாவி, நடுவில் இந்த ஒற்றைத் தெரு. வாவிக்கு இப்பால் கடலோரம் எழுவான்கரை, அப்பால் வயலோரம் படுவான்கரை. வெளியூர் வாசகர்களுக்கு இதை மட்டும் சொல்லிவிட்டால் எங்கள் வரலாறு பாதி விளங்கிவிடும். சுனாமிக்குப் பிறகு யாராவது "கடல் வருகுது" என்று கத்தினால் போதும், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கு ஓடுவோம். பழுகாமத்தில் எனக்குத் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் பல தடவை விடியும்வரை இருந்திருக்கிறோம். கடல் வரவில்லை. பிறகு படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியது. அதே வீட்டுக்காரர்கள் பாயும் பானையுமாக எங்களிடம் ஓடிவந்தார்கள். அந்தப் பாலத்தை இரண்டு திசையிலும் ஓடித் தேய்த்தவர்கள் நாங்கள்.

கடலுக்குப் பயந்து ஓடிய நாட்களில் எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. வேணி சாந்தியின் இடுப்பில். மற்ற இருவரும் என் இரண்டு கைகளில். யார் யாரைத் தூக்குவது என்று நின்று பேச நேரமிருக்காது என்பதால் அப்படி வைத்துக்கொண்டோம்.

வேணி சாந்தி பெற்ற பிள்ளையல்ல. சுனாமியன்று கடற்கரையோரக் குடிசை ஒன்றிலிருந்து யாரோ தூக்கிவந்து பாடசாலையில் விட்ட ஒன்றரை வயதுக் குழந்தை. பாடசாலை அகதிகளால் நிறைந்திருந்தது. அங்கே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த சாந்தியின் சேலையைப் பிடித்தவள் பிறகு விடவில்லை. தேடிவர எவரும் எஞ்சியிருக்கவில்லை. நான் நொத்தாரிசாக நாற்பது ஆண்டு காணி உறுதி எழுதியவன். அவளைச் சட்டப்படி மகளாக்கும் அலுவல்களை நானே முன்னின்று பார்த்தேன். "எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள்" என்று ஊரில் நிமிர்ந்து சொல்லிக்கொண்டேன்.

அன்று பஸ்ஸிலும் சொன்னேன். ஆரையம்பதியில் ஏறிய ஓர் அம்மா, வெற்றிலை வாயோடு, எங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். இருந்த கையோடு எங்கள் பகுதியில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எந்தக் குடி மனே?"

குடி என்பது எங்களிடம் தாய்வழியாக வரும் குலப்பிரிவு. கோயிலில் நிற்கிற இடமும் மரியாதையும் அதைப் பார்த்துத்தான். கேள்வி வேணியைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

"மூணு பேரும் ஒரு வயித்துப் புள்ளைகள்தான். எண்ட மகள்ட குடி," என்றேன்.

"அதானே பாத்தன். மூணுக்கும் ஒரே சாயல்," என்றார் அந்த அம்மா. வேணி யன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்தாள். எனக்கு அந்தக் காலைப்பொழுதின் களைப்பெல்லாம் போய்விட்டது.

கல்லடி இரும்புப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனங்கள் வந்து முடியும்வரை காத்திருந்தோம். மட்டக்களப்பில் தேநீரும் பணிசும். அடுத்த பஸ் வாழைச்சேனைக்கு, இன்னும் முப்பத்திரண்டு கிலோமீற்றர். ஏறாவூரைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இறங்கச் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் படியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். அதற்குள் என் கை தானாகவே சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்திருந்தது. போர் முடிந்து ஓராண்டு ஆகப்போகிறது என்பது கைக்குத் தெரியவில்லை.

வாழைச்சேனையிலிருந்து பாசிக்குடாவுக்கு ஓட்டோ. ஓட்டுநர் முந்நூறு கேட்டார். இருநூற்றைம்பதுக்கு இறக்கும் யோசனையிலேயே நான் இருந்தேன். போகும் வழியில் அவர் கடற்கரையில் நின்ற உயரமான கோபுரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். "ஓம், ஓம்" என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பூங்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று மொழிகளிலும் பெயர்ப்பலகை. நுழைவுக் கட்டணம் இல்லை. பூவரச மரங்களின் கீழ் சீமெந்து இருக்கைகள், புதுச் சாயம் பூசிய ஊஞ்சல்கள், அவற்றுக்கு அப்பால் சறுக்குமரம், அதற்கும் அப்பால் கடல். கடலா அது? எங்கள் ஊர்க் கடல் கரையேறி வந்து அறைகிற கடல். இது குளம்போலச் சத்தமில்லாமல் கிடக்கிறது. இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் கரையில் அடுப்பு மூட்டிச் சமைத்து, மேளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, கூரையில்லாத ஒரு பழைய விடுதியின் சுவரில் துளைகள். பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை.

செருப்புகளைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்தேன். சதீஷ் நீரோரத்தில் நண்டு துரத்தினான். தர்சினி சறுக்குமரத்தில். வேணி மட்டும் செருப்பைக் கழற்றாமல் எனக்கு மிக அருகிலிருந்த ஊஞ்சலில் ஏறிக்கொண்டாள். அவளுக்குக் கடல் மணலில் கால் வைப்பது அவ்வளவு பிடிக்காது. எனக்குக் கண் செருகியது.

பதினொரு மணி இருக்கும். கோபுரத்திலிருந்து சுனாமிச் சைரன் எழுந்தது.

எழுந்து ஓடினேன். முழங்கால் நோகவில்லை. கடலை நோக்கித்தான் ஓடினேன், பிள்ளைகளை எடுக்க. ஊஞ்சல் வழியில் இருந்தது. வேணி என்னைக் கண்டு, காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள். அவளைக் கடந்து ஓடினேன். சறுக்குமரத்தடியில் தர்சினியின் கையைப் பிடித்தேன். நீரோரம்வரை போய்ச் சதீஷைப் பிடித்தேன். இரண்டு கைகளும் நிறைந்தன. திரும்பித் தெருவை நோக்கி ஓடினேன். திரும்பும்போதும் ஊஞ்சலருகேதான் வந்தேன்.

தெருவில் கடைகளருகே வந்தபோது சதீஷ் என் கையை உதறி நின்றான்.

"அம்மப்பா, வேணி எங்க?"

சைரன் அதற்குள் ஓய்ந்துவிட்டது. கச்சான் கடலை விற்கிறவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கடற்கரையில் மேளம் மீண்டும் தொடங்கியது. எங்களைக் கொண்டுவந்த ஓட்டோக்காரர் வண்டியில் சாய்ந்தபடி சிரித்தார்.

"என்னய்யா, படுவான்கரைக்கே ஓடிருவீங்க போல! காலையில சொன்னனே, பதினொரு மணிக்குச் சும்மா டெஸ்டுக்கு ஊதுவானுகள் எண்டு. நீங்களும் ஓம் எண்டீங்களே."

"இந்த வயசுல என்ன ஓட்டம்டா!" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. அவர்களும் ஒருகாலம் ஓடியவர்கள்தான்.

நான் பூங்காவை நோக்கித் திரும்பினேன். வேணி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். என் செருப்பு, அண்ணன் செருப்பு, அக்கா செருப்பு மூன்று சோடிகளையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"செருப்ப உட்டுட்டு வந்துட்டீங்க, அம்மப்பா."

அவளைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் செருப்பைத் தந்தாள்.

கடலுக்கு ஓடிய நாட்களின் ஏற்பாட்டின்படி என் கைகள் நடந்துகொண்டன என்று சொல்லலாம். பஸ்ஸில் அடையாள அட்டையை எடுத்த கையல்லவா? பல நாட்கள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்று சாந்தி அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஊஞ்சலில் அவளைக் கண்டேன். அவள் ஊஞ்சலை நிறுத்தியதையும் கண்டேன். பதினொரு வயதுப் பையன் தானாக ஓடியிருப்பான். கண்டும் கடந்தேன், இதற்கு வேறு வாசகம் என்னிடம் இல்லை.

மரத்தடியில் சோற்றுப் பொதியைப் பிரித்தோம்.

"மெய்யாவே கடல் வந்திருந்தா?" என்றாள் தர்சினி.

"நம்மட அம்மப்பா இப்ப பழுகாமத்துல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருப்பார்," என்றான் சதீஷ்.

இருவரும் சிரித்தார்கள். வேணி மீனில் முள் எடுப்பதில் கவனமாக இருந்தாள். அதன்பிறகு அவள் ஊஞ்சலுக்குப் போகவில்லை.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். வாழைச்சேனை பஸ்ஸின் படி உயரம். மேலே நின்று வேணிக்குக் கையைக் கொடுத்தேன். "எனக்கு ஏலும்," என்று கம்பியைப் பிடித்து ஏறினாள். மட்டக்களப்பில் தெருவைக் கடக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்புகிற பஸ்ஸில் எவரும் எங்களிடம் குடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பொழுதுபட வீடு வந்து சேர்ந்தோம். சாந்தி சோறு பரிமாறத் தொடங்கினாள். பிள்ளைகளுக்கு வாய் ஓயவில்லை. கதையை முதலில் தொடங்கியவளே வேணிதான். எழுந்து நின்று, சாரத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோலப் பாவாடையைப் பிடித்து, வாயைப் பிளந்துகொண்டு என் ஓட்டத்தை ஓடிக் காட்டினாள். "இப்பிடித்தாம்மா! இப்பிடித்தான் ஓடினார்!" அச்சு அசல் நான்தான். சாந்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு கையில அண்ணன், ஒரு கையில அக்கா!" என்று வேணி மறுபடி ஓடிக் காட்டினாள்.

"அப்ப நீ எங்கடி நிண்ட?" என்றாள் சாந்தி, சிரிப்பு மாறாமல்.

"ஊஞ்சல்ல."

சதீஷ் தலையைக் குனிந்தான். சாந்தி அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேணி ஓடிய இடத்திலேயே பாவாடையைப் பிடித்தபடி நின்றாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அறிய அவளுக்கும் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"உட்டுட்டுத்தான் ஓடினன், புள்ள," என்றேன்.

"காணாமலா அப்பா?"

காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். சாந்தி அந்தச் சொல்லைத்தான் எனக்கு நீட்டினாள்.

"கண்டன்," என்றேன்.

சாந்தி எழுந்துபோய் வேணியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் அருகில் இருத்தினாள். "சாப்பிடுங்கப்பா, ஆறுது," என்றாள். அந்த வீடு சீதனமாக அவளுக்கு நான் எழுதிக்கொடுத்த வீடு. எங்கள் வழக்கப்படி வயதான தகப்பன் மகள் வீட்டில்தான் இருப்பான். அன்று முதல்முறையாக அங்கே இருப்பதற்குக் கூசினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: விடிய ஆறரைக்குப் புறப்பட்டால் பொழுதுபடத் திரும்பலாம். மத்தியானத்துக்கு மேல் பூங்காவில் நிழல் போதாது. குடிநீர் கொண்டுபோவது நல்லது. வேறு குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சந்தைக்குப் புறப்பட்டேன். விடுமுறை நாட்களில் சந்தைக்கு என்னோடு வருகிறவள் வேணிதான். பையின் ஒரு காதை அவள் பிடிப்பாள். முற்றத்தில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சந்தைக்குப் போறன். வாறியா மகள்?"

நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்ணனும் அக்காவும் இன்னும் ஒழும்பல்ல, அம்மப்பா," என்றாள். "ஒழும்பினதும் அவங்களக் கூட்டிட்டுப் போங்க. நான் அம்மாவோட இருக்கன்."

மற்ற இருவரும் எழும்பக் காத்திருக்கவில்லை. முற்றத்திலேயே, அவளிடமிருந்து சற்றுத் தள்ளி, வெறும் நிலத்தில் அமர்ந்தேன். என்னைப் பார்த்துவிட்டு அவள் தன் விளையாட்டைத் தொடர்ந்தாள். வெயில் ஏறி, சந்தை கலைகிற நேரமாகியும் நான் எழும்பவில்லை.