குறட்டைக் குடும்பத்தில் ஒரு டிரைவர்

என் நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வேகமாகப் போக மாட்டாள், தேவையில்லாமல் ஹாரன் அடிக்க மாட்டாள். அதனாலேயே டிப்போவில் அவளுக்கு ‘ராக்கெட்’ என்று பெயர்.

என் கணவர் குடும்பத்துக்குக் குறட்டையில் அப்படியொரு பெருமை. மனசில் கள்ளம் இல்லாதவர்கள்தான் இப்படித் தூங்குவார்களாம். மாமனாரும் அவருடைய அண்ணனும் வயதாகும் முன்பே தூக்கத்தில் போய்விட்டார்கள். கொடுத்து வைத்தவர்கள், யாருக்கும் பாரமில்லாமல் போனார்கள் என்று அதையும் சேர்த்துக் கொண்டாடுகிற கூட்டம் அது. கல்யாணமானதிலிருந்து காதில் பஞ்சோடு படுக்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் டிரைவர்களுக்கான உடல் பரிசோதனையில் ராக்கெட்டின் இதயம் தாறுமாறாகத் துடிப்பது தெரிந்தது. அன்றே வண்டியை விட்டு இறக்கி, பாஸ் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து அழுதாள்.

“ஸ்டியரிங்கப் பிடிக்காம எனக்குக் கையே இல்லாத மாதிரி இருக்கு அண்ணி.”

மாத்திரை போட்டும் துடிப்பு அடங்குவதும் மறுபடி குதிப்பதுமாக இருந்தது. அடுத்த தடவை நானும் கூடப் போனேன். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை, எல்லோரும் நிம்மதியாகத் தூக்கத்தில் போனவர்கள் என்று இவள் பெருமையடித்தாள். டாக்டரம்மாவின் முகம் மாறியது. குறட்டை உண்டா என்றார். விடுவேனா நான்? இத்தனை வருட ஆத்திரத்தையும் கொட்டினேன். குறட்டை உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நிற்பது, மூச்சில்லாமல் கிடப்பது, பிறகு திணறிக்கொண்டு விழிப்பது. அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் இதே கதைதான் என்றேன்.

தூக்கத்தில் மூச்சு நிற்பதும் இதயம் தாளம் தப்புவதும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவது அதிகம், இரண்டுமே குடும்பத்தில் தொடரக்கூடியவை என்று அவர் விளக்கினார். சில மரபணுக்கள் இரண்டுக்கும் பொதுவா என்று இன்னும் ஆராய்கிறார்களாம். மூச்சு நிற்கும்போதெல்லாம் இதயம் திண்டாடுகிறது, அதைக் கவனிக்காமல் மாத்திரை மட்டும் போதாது என்றார்.

“பரம்பரையா வந்ததை மாத்த முடியாதும்மா. மூச்சைச் சரி பண்ணலாம்.”

தூக்கப் பரிசோதனையில் அதுதான் என்று உறுதியானது. தூங்கும்போது போட்டுக்கொள்ள, காற்றூதும் கருவியும் நீளக் குழாய் வைத்த முகமூடியும் வீட்டுக்கு வந்தன. யானைத் தும்பிக்கை என்று என் கணவர் கிண்டலடித்தார். அவள் அசரவே இல்லை. சில மாதங்களில் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது, முகத்தில் களை வந்தது. பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா நிம்மதியாப் போயிருக்க மாட்டாருண்ணா. மூச்சுக்குத் தவிச்சிருப்பாரு. உன்னை அப்படிப் போக விடமாட்டேன்.”

கிண்டல் மன்னர் அந்த வாரமே பரிசோதனைக்குப் போனார். அவருக்கும் அதேதான். இப்போது வீட்டில் இரண்டு தும்பிக்கைகள், என் காதில் பஞ்சு இல்லை.

அவள் மறுபடி வண்டி எடுத்த அன்று நானும் கணவரும் முதல் ஆட்களாக ஏறினோம். எந்தப் பேருந்திலும் இரண்டாவது நிறுத்தத்துக்குள் வாயைப் பிளந்து தூங்கிவிடுகிற மனிதர் அவர். எழுப்பி இறக்குவது என் தலையெழுத்து. அன்று கடைகளை வேடிக்கை பார்த்தபடி வந்தார். எங்கள் நிறுத்தம் வருமுன்னே தானாக எழுந்து மணியை அழுத்தினார்.

ராக்கெட் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள். எதிரே ஒரு வண்டிகூட இல்லை. நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள்.