பத்மாசனியின் முறை

"ஸ்டிக் அப் ஃபோர்... ஸ்டிக் அப் ஃபோர்..." என்று முணுமுணுத்தபடிதான் பத்மாசனி வயலுக்குச் சைக்கிள் மிதிக்கிறாள். எதிரே யாராவது வந்தால் வாய் மூடிக்கொள்ளும். தாண்டியதும் மறுபடி தொடங்கும். கனடாவில் பிறந்த பெறாமக்களோடு, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளோடு, கதைக்க வேண்டும் என்று, இந்த வயதில் ஸ்கந்தபுரம் வாசிகசாலைக்கு இங்கிலிஷ் வகுப்புக்குப் போகிறவள் அவள்.

"ஒருத்தரை மற்றாக்கள் அமத்தேக்கை, விட்டுக்குடுக்காமல் அவற்றை பக்கம் நிண்டு கதைக்கிறது. அதுதான் கருத்து" என்றார் நேற்றைய வகுப்பில் சுஜிதன் சேர். "ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கோ."

பத்மாசனி மூன்று சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக, பஸ்ஸில் இடம் கிடைக்காத கிழவிக்காக, கல்லெறி வாங்கிய நாய்க்காக. எல்லாம் உண்மை. நாய்க்காக அவள் போட்ட சத்தம் சந்திவரை கேட்டது.

"நல்லது அக்கா. இனி, உங்களுக்காக நீங்களே கதைச்ச மாதிரி ஒண்டு?"

"யோசிச்சுச் சொல்லுறன் சேர்."

யோசித்து என்ன? தனக்கென்று வந்தால் அவளிடம் இருப்பது ஒரே வசனம்: "சரி, பரவாயில்லை, போங்கோ." கடையில் வரிசையை முந்துகிறவருக்கும் அதுதான், ஏரம்பருக்கும் அதுதான்.

ஏரம்பர் அவளுடைய வயலுக்கு மேல்வயல்காரர். அந்த வாய்க்காலில் யாருடைய தண்ணீர் முறையோ அவர் தன் மண்வெட்டியை மடைவாயில் கொத்தி நிறுத்துவார். அது நிற்கும்வரை வேறொருவர் மடையைத் தொடக்கூடாது. பத்மாசனியும் நிறுத்துவாள். ஏரம்பர் வருவார். "தங்கச்சி, நான் ஒருக்காப் பாய்ச்சிப்போட்டு விடுறனே." உடனே பிடுங்கிவிடுவாள், மகராசி! போன சிறுபோகத்தில், கோடை விளைச்சலில், அவளுடைய நெல்லில் பாதி அரிசி பிடிக்காத சப்பி. இந்தப் போகம் பயிர் கதிர் தள்ளப்போகும் குடலையில் நிற்கிறது. இன்று தண்ணீர் ஏறாவிட்டால் இதுவும் போச்சு.

வயலுக்கு வந்து மடையை வெட்டிவிட்டு, மண்வெட்டியை நிறுத்தி நிமிர்ந்தால், ஏரம்பர். "தங்கச்சி, நான் ஒருக்கா..."

"இல்லை அண்ணை. இண்டைக்கு என்ர முறை. என்ர பயிரும் காயுது. பாய்ச்சி முடியச் சொல்லுறன்."

சொன்னவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏரம்பர் அவளைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார். "ஓம், அப்ப முடியச் சொல்லும்" என்று சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். சண்டையில்லை, ஒரு சிடுசிடுப்புக்கூட இல்லை.

"அட கடவுளே, இவ்வளவுதானோ!" பத்மாசனி வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது. தண்ணீர் சளசளவென்று வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிடியை இறுக்கிப் பிடித்து, மண்வெட்டியின் முதுகில் காலை வைத்து, இன்னும் ஆழமாக மிதித்து இறக்கினாள்.